பாமர உறுப்பினர் நெகிழ்ந்தார்

ஊரில் அவரைக் கொக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது ஓட்டுநர் உரிமத்தோடு சரி. சொந்தமாக ஒரு ரெக்கவரி வண்டி வைத்திருந்தார். பள்ளத்தில் பாதி, மரத்தில் மீதி என்று நெடுஞ்சாலையில் எது கிடந்தாலும் கட்டுப்பாட்டு அறையிலிருந்து அவருக்குத்தான் முதல் போன் வரும். போவார், கொக்கியை மாட்டுவார், இழுத்துக்கொண்டு வருவார். இருபத்தாறு வருஷமாக இதே பிழைப்பு. மற்றவர்கள் காரை முன்னாலிருந்து பார்த்து வாயைப் பிளப்பார்கள். கொக்கி கீழேயிருந்து பார்ப்பார். கீழேயிருந்து பார்த்தால் எந்தக் காருக்கும் பெரிய கௌரவம் ஒன்றும் இல்லை.

அந்த ஊரில் வசதி படைத்தவர்கள் இரண்டு கட்சியாக இருந்தார்கள். ஒன்று ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார் கட்சி, இன்னொன்று அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கட்சி. வளைவில் வண்டி எப்படிப் போகிறது பார் என்பார்கள் ஜெர்மன் கட்சிக்காரர்கள். நேர் ரோட்டில் வந்து பார் என்பார்கள் அமெரிக்கக் கட்சிக்காரர்கள். முன்னவர்களை வளைவிலும் பின்னவர்களை நேர் ரோட்டிலும் கொக்கி தூக்கியிருக்கிறார். அவருக்குக் கட்சி கிடையாது. தொங்கும்போது இரண்டும் ஒரே கனம்தான்.

இந்தச் சண்டையைத் தீர்த்துவைக்கத்தான் அதிவேக வாகன ஒப்பீட்டு வாரியம் என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால். தூண் வைத்த முகப்பு, சுழலும் கதவு, கதவுக்கு ஒரு காவலாளி, காவலாளிக்கு ஒரு கண்காணிப்பாளர். பத்தொன்பது வருஷமும் வாரியம் ஆழ்ந்து ஒப்பிட்டுக்கொண்டே இருந்ததால் முடிவுக்கு நேரம் கிடைக்கவில்லை.

வாரியத்தின் செயலாளர் கொக்கிக்குச் சகலை. மனைவியின் தங்கை புருஷன். கல்யாணமான புதிதில் வேலை இல்லாமல் இரண்டு வருஷம் கொக்கி வீட்டு மாடியில் குடியிருந்தவர். கொக்கியின் மகள் நடை பழகியது இந்தச் சித்தப்பாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டுதான். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, சட்டையில் சுருக்கம் விழாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, விஷயத்தை எடுத்தார்.

"அண்ணே, வாரியத்துல பாமர உறுப்பினர் இடம் ஒண்ணு காலியா இருக்கு. உங்க பேரைக் கொடுக்கட்டுமா?"

"பாமரன்னா? ஒண்ணும் தெரியாதவனா?"

"சேச்சே. சாதாரண ஜனங்க சார்பா உட்கார்றவர். பதினோரு நிபுணருக்கு ஒரு பாமரர் இருக்கணும்னு விதி."

"முன்னாடி இருந்தவருக்கு என்ன ஆச்சு?"

"கூட்டத்துல உட்கார்ந்து உட்கார்ந்து கொஞ்சம் விஷயம் தெரிஞ்சுக்கிட்டார். தகுதி போயிடுச்சு."

கொக்கி மறுத்துவிடுவார் என்றுதான் அடுக்களையிலிருந்து மனைவி நினைத்தாள். ஆனால் சகலை அடுத்துச் சொன்ன விஷயம் அவரை நிமிர வைத்தது. இந்தத் தடவை முடிவு எடுத்தே ஆக வேண்டுமாம். நெடுஞ்சாலை ரோந்துப் படை துரத்திப் பிடிப்பதற்காக நாற்பது வேகக் கார் வாங்கப்போகிறது. வாரியம் எதற்கு மேன்மைச் சான்றிதழ் கொடுக்கிறதோ அதைத்தான் வாங்குவார்கள்.

கொக்கியின் மகள் அந்தப் படையில் ஓட்டுநர்.

"சகலை, நான் பார்த்ததை அப்படியே சொல்லுவேன். பரவாயில்லையா?"

"அதுக்குத்தானேண்ணே உங்களைக் கூப்பிடறேன். அவ எனக்கும் பொண்ணுதானே."

முதல் கூட்டத்துக்குக் கொக்கி, கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். நீள மேசை. ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், ஒரு பென்சில், பென்சிலைப் பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து. பக்கத்துக் கண்ணாடிக் கூடத்தில் இரண்டு கார்களும் குளிரூட்டிய காற்றில் நின்றன. கூடம், அமெரிக்கக் காரை இறக்குமதி செய்யும் முகவரின் அன்பளிப்பு என்று சுவரில் பித்தளை எழுத்தில் பதித்திருந்தது. ஜெர்மன் கார் வெள்ளி நிறத்தில், தாழ்வாக, தப்புத் திருத்தக் காத்திருக்கும் வாத்தியார் மாதிரி. அமெரிக்கக் கார் சிவப்பில், நீண்ட மூக்கோடு, விருந்தாளியைத் தெருமுனையிலேயே கட்டிப்பிடிக்கிற மாமா மாதிரி.

தலைவர் பேசினார். அறுபது தாண்டியவர், கனிந்த குரல்.

"என் வாழ்நாளில் நான் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. பின்சீட்டில்தான் வருகிறேன். இதைக் குறையாகச் சிலர் பேசுகிறார்கள். ஓட்டியிருந்தால் எனக்கு ஒரு கருத்து வந்திருக்கும். கருத்து வந்துவிட்டவன் எப்படி நடுநிலையாக ஒப்பிட முடியும்? நம் வாரியத்தில் பதினோரு நிபுணர்களும் இன்றுவரை இந்த இரண்டு வண்டிகளிலும் ஏறியதில்லை என்பதை நான் பெருமையோடு பதிவு செய்கிறேன்."

நிபுணர்கள் மேசையைத் தட்டினார்கள். கொக்கியும் ஒரு தட்டு தட்டினார், மரியாதைக்கு.

அன்றைக்கு முழுக்கக் குதிரை விவாதம். ஜெர்மன் கணக்கில் ஒரு குதிரைசக்தி என்பதும் அமெரிக்கக் கணக்கில் ஒரு குதிரைசக்தி என்பதும் ஒன்றில்லையாம். ஜெர்மன் குதிரை ஒன்றரை சதவீதம் இளைத்தது. இளைத்த குதிரையில் ஐந்நூறும் கொழுத்த குதிரையில் ஐந்நூறும் சமமா என்று கேள்வி வந்தது. பெருக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார் ஒருவர். பெருக்கலுக்குத் தனிக் குழு வேண்டும் என்றார் இன்னொருவர். கடைசியில், இரு நாட்டிலிருந்தும் ஆளுக்கொரு குதிரையை வரவழைத்து நேரில் பார்ப்பது என்று முடிவாகி, லாயம் கட்ட இடம் தேடும் பொறுப்பு செயலாளருக்குப் போயிற்று. சகலை கடகடவென்று குறித்துக்கொண்டார். சிரிக்கவே இல்லை. கொக்கிக்கு அதுதான் ஆச்சரியம். மாடியில் இருந்த காலத்தில் பல்லி விழுந்தாலே சிரிக்கிற ஆள்.

இரண்டாம் கூட்டத்தில் கதவுக் குழு. இரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டு நிற்க, ஒரு பணியாள் இரண்டு காரின் கதவையும் மாற்றி மாற்றிச் சாத்தினான். ஜெர்மன் கதவு "நம்பிக்கை" என்று சொல்வதாகவும் அமெரிக்கக் கதவு "வாங்க" என்று சொல்வதாகவும் எழுதிக்கொண்டார்கள். மூன்றாம் கூட்டத்தில் ஓசைக் குழு. கண்ணாடிக் கூடத்துக்குள் இன்ஜினை இயக்கத் தீயணைப்புத் துறை அனுமதிக்கவில்லை. அதனால் நிபுணர் ஒருவர் இரண்டு வண்டியின் உறுமலையும் வாயாலேயே செய்து காட்டினார். அமெரிக்க வண்டியைச் செய்யும்போது அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. அதற்காக அந்த வண்டிக்கு எட்டு மதிப்பெண் கூடுதலாகக் கிடைத்தது.

நாலாவது கூட்டத்தில் கொக்கி கையைத் தூக்கினார்.

"ஐயா, வண்டியை எப்ப ஓட்டிப் பார்ப்போம்?"

யாரோ பென்சிலைக் கீழே வைத்தார்கள். தலைவர் சகலையைப் பார்த்தார். சகலை விதிப் புத்தகத்தைப் புரட்டி, எழுந்து நின்று படித்தார்.

"விதி முப்பத்தொன்று. நிபுணர்கள் ஓட்டலாகாது, ஓட்டினால் பாரபட்சம் உண்டாகும். பாமர உறுப்பினர் விரும்பினால் ஓட்டலாம். அவர் கருத்துக்கு மதிப்பெண் இல்லாததால் பாரபட்சம் உண்டாகாது."

"பத்தொன்பது வருஷத்துல யாரும் கேட்டதில்லை" என்றார் தலைவர், ஏதோ வயிற்றுவலிக்காரரைப் பார்ப்பதுபோலக் கொக்கியைப் பார்த்து. "ஆனா விதின்னா விதிதான்."

ஊருக்கு வெளியே விமானங்கள் வராமல் போன ஒரு பழைய ஓடுதளம் இருந்தது. அடுத்த புதன்கிழமை காலையில் கொக்கியின் ரெக்கவரி வண்டியிலேயே இரண்டையும் ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போனார்கள். சகலை கூட வந்தார், குடையோடு.

முதலில் ஜெர்மன் காரை எடுத்தார் கொக்கி. இன்ஜின் முதுகுக்குப் பின்னால். அவர் கையை அசைப்பதற்கு முன்பே அது திரும்பிவிட்டது. சொன்னதை மட்டும் செய்தது, சொன்ன அளவுக்குச் செய்தது, தப்பாகச் சொன்னால் செய்ய மறுத்தது. நூற்றைம்பதிலிருந்து பிரேக்கை அழுத்தினால் கண்முழி முன்னால் போய்விட்டுத் திரும்பி வந்தது. பத்துத் தடவை பிடித்தார். பத்துத் தடவையும் ஒரே மாதிரி.

பிறகு அமெரிக்கக் கார். எட்டு சிலிண்டர், முன்னால். சாவி கொடுத்ததும் ஓடுதளத்து ஓரப் புல்லெல்லாம் படுத்து எழுந்தது. மிதித்தால் வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் ஆடி, பிறகு 'சரி, போகலாம்' என்று கிளம்பியது. ஐம்பத்திரண்டு வயதில் கொக்கிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தார். நாலு தடவை பிரேக் பிடித்தார், நன்றாகவே நின்றது. ஐந்தாவது தடவை அழுத்தினார். கால், பழுத்த வாழைப்பழத்தை மிதித்ததுபோல அடி வரைக்கும் போயிற்று. வண்டி போய்க்கொண்டே இருந்தது. கியரைக் கீழே கீழே இறக்கி, ஓடுதளம் முடிகிற இடத்தில் புல்லுக்குள் கொண்டுபோய் நிறுத்தினார்.

சூடு ஆறியதும் சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் பேட் கருகிக் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. அதில் கம்பெனி முத்திரை இல்லை. பிறந்த நாட்டில் வைத்த பேட் இல்லை அது. நடுவில் யாரோ ஒரிஜினலைக் கழற்றி வைத்துக்கொண்டு, மலிவு சரக்கை மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பேட்டின் சூடு பிரேக் ஆயிலுக்கு ஏறி, ஆயில் கொதித்து, பெடல் கொழகொழத்துவிட்டது.

"இங்க பாரு சகலை. வண்டி மேல தப்பு இல்ல. தங்கமான வண்டி. இந்தப் பேட்டை மாத்திட்டா ரெண்டும் சரிக்குச் சரி."

சகலை குனிந்து பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். "எழுதிக் கொடுத்துடுங்கண்ணே" என்றார்.

கொக்கி அங்கேயே, பானெட் மேல் தாளை வைத்து எழுதினார்: "இரண்டும் நல்ல வண்டி. அமெரிக்க வண்டியில் ஐந்தாவது தடவை பிரேக் பிடித்ததும் நெகிழ்ந்துவிட்டது. அடி வரை போய்விட்டது. நிற்கவே இல்லை. பேட் அந்த வண்டியுடையது இல்லை. அதை மாற்றாமல் யாருக்கும் கொடுக்கக் கூடாது."

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவர் எழுதிய நீளமான எழுத்து அதுதான். இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

ஐந்தாவது கூட்டத்தில் தாளைப் படித்தார்கள். முகவரின் பிரதிநிதியும் பார்வையாளராக வந்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தலைவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு பேசினார்.

"பாமர உறுப்பினரின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் நம் வாரியத்தின் வேலை என்ன? ஜெர்மனையும் அமெரிக்காவையும் ஒப்பிடுவது. இந்தப் பேட் ஜெர்மனா? இல்லை. அமெரிக்காவா? இல்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அப்படியானால் அது மூன்றாம் நாட்டுச் சரக்கு. மூன்றாம் நாட்டுச் சரக்கைப் பற்றிப் பேச நமக்கு அதிகாரம் ஏது? இன்றைக்குப் பேட்டுக்கு இடம் கொடுத்தால் நாளைக்குப் பெட்ரோல் வரும், நாளை மறுநாள் ரோடு வரும், அப்புறம் ஓட்டுகிறவன் வருவான். ஒப்பீடு என்ற புனிதமான கலை என்ன ஆவது?"

"ஐயா, நிக்கலைங்க" என்றார் கொக்கி. "அவ்வளவுதான் விஷயம். வண்டி நிக்கலை."

"நிற்பது என்பது நம் அளவுகோலில் இல்லையே. இது வேகக் கார் ஒப்பீடு."

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் சகலை அவர் தோளில் கையைப் போட்டார்.

"மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க. பேச்சுல அப்படித்தான் பேசுவாங்க. உங்க தாளை அறிக்கையிலேயே சேர்க்கச் சொல்லியிருக்கேன். ரோந்துப் படை அதிகாரிங்க படிப்பாங்கல்ல. வருகைக்கு மட்டும் கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க."

கத்தையாகத் தாள். சகலை விரல் வைத்த இடத்திலெல்லாம் கொக்கி கையெழுத்துப் போட்டார். பன்னிரண்டு இடம். படித்துப் பார்க்கவில்லை. சகலை நீட்டுகிற தாளைப் படித்துப் பார்ப்பது, சாப்பிடக் கூப்பிட்ட வீட்டில் இலையைத் திருப்பிப் பார்ப்பது மாதிரி என்று நினைக்கிற ஆள் அவர்.

ஒரு மாதம் கழித்து விழா. மேடையில் சிவப்புக் கார், ரிப்பன், தலைவரின் பேச்சு. மேன்மைச் சான்றிதழ் அமெரிக்கக் காருக்கு. நாற்பது ஓட்டுநர்கள் சீருடையில் வரிசையாக நின்றார்கள். பதினேழாவதாகக் கொக்கியின் மகள். தலைவர் அறிக்கையின் பதினான்காம் பக்கத்தை, குரலில் ஈரத்தோடு படித்தார்.

"நிபுணர்கள் மட்டும் சொல்லவில்லை. ஓட்டிப் பார்த்த ஒரு எளிய மனிதர் என்ன சொல்கிறார், கேளுங்கள். 'இரண்டும் நல்ல வண்டி. அமெரிக்க வண்டியில் ஐந்தாவது தடவை பிரேக் பிடித்ததும் பாமர உறுப்பினர் நெகிழ்ந்துவிட்டார். உள்ளத்தின் அடி வரை போய்விட்டது. ஆனந்தம் நிற்கவே இல்லை. எதையும் மாற்றாமல் அப்படியே கொடுக்க வேண்டும்.'"

அரங்கம் கைதட்டியது. முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பி, நெகிழ்ந்த மனிதர் யார் என்று தேடினார்கள். கொக்கியின் முகம் வெளுத்துப்போயிருந்ததைப் பார்த்து, இன்னும் நெகிழ்ச்சி தீரவில்லை போலிருக்கிறது என்று ஒரு அம்மாள் சொன்னாள்.

சகலையை மேடைக்குப் பின்னால், நாற்காலி அடுக்கி வைத்திருந்த இடத்தில் பிடித்தார்.

"என்ன சகலை இது?"

"மொழிச் செம்மைக் குழுன்னு ஒண்ணு இருக்குண்ணே. உங்க வாக்கியத்துல எழுவாயே இல்ல. 'நெகிழ்ந்துவிட்டது'ன்னு எழுதியிருந்தீங்க. எதுன்னு எழுதல. அவங்க ஒரு எழுவாய் போட்டுட்டாங்க."

"பிரேக்குன்னு குழந்தைக்குக்கூடத் தெரியுமே."

"தெரியும். ஆனா இலக்கணப்படி இல்லையே."

"பேட் பத்தி எழுதினது எங்க?"

"அது மூணாம் நாடு."

"அவ ஓட்டப்போற வண்டிடா அது" என்றார் கொக்கி. இருபத்துமூன்று வருஷத்தில் சகலையை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை.

சகலை சுற்றுமுற்றும் பார்த்தார். "கத்தாதீங்கண்ணே. நெடுஞ்சாலைல அஞ்சு தடவை தொடர்ந்து யாரு பிரேக் பிடிக்கப்போறாங்க?"

"துரத்துறவ பிடிப்பா."

தலைவர் கூப்பிடுவதாக ஒரு ஆள் வந்தான். சகலை அவனோடு போய்விட்டார்.

வீட்டில் மகளிடம் சொன்னபோது அவள் முதலில் நம்பவில்லை. "உங்க கையெழுத்து இருக்கேப்பா. எங்களுக்கெல்லாம் நகல் கொடுத்தாங்க. எங்கப்பா ஓட்டிப் பார்த்த வண்டின்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தேன்."

"நான் எழுதினது வேற, கண்ணு."

"சித்தப்பா இருக்கும்போது எப்படிப்பா?"

கொக்கிக்கு உள்ளே எரிந்ததும் அதே கேள்விதான். மனைவி இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, தங்கைக்குப் போன் போட எடுத்தவள் எண்ணை அழுத்தாமலேயே கீழே வைத்தாள். மறுநாள் மகள் மேலதிகாரியிடம் போய்ச் சொன்னாள். அவர் பதினான்காம் பக்கத்தைத் திறந்து, அவள் அப்பாவின் கையெழுத்தைக் காட்டி, போய் வேலையைப் பாரம்மா என்றார். காரில் எதையும் கழற்றவும் முடியாது. ஒவ்வொரு சக்கரத்திலும் வாரியத்தின் முத்திரை ஒட்டியிருந்தது.

"அப்படின்னா ஒண்ணு செய்" என்றார் கொக்கி. "நாலு பிரேக் உன்னோடது. அஞ்சாவது உன்னோடது இல்ல. நாலு முடிஞ்சதும் கியரை நம்பு."

மூன்று வாரம் கழித்து, ஒரு பிற்பகல், கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன் வந்தது. இறக்கத்தில் ரோந்துக் கார் ஒன்று மணல் குவியலில் ஏறி நிற்கிறது, எடுக்க வேண்டும் என்றார்கள். எண்ணைக் கேட்டார். பதினேழு என்றார்கள்.

அந்த எட்டு கிலோமீட்டரை எப்படி ஓட்டினார் என்று கொக்கிக்கு நினைவில்லை. போய்ச் சேர்ந்தபோது மகள் சாலையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். இடது மணிக்கட்டைத் துணியால் கட்டி மடியில் வைத்திருந்தாள். முகத்தில் மணல்.

"வேன் ஒண்ணைத் துரத்திக்கிட்டு வந்தேன்ப்பா. இறக்கத்துல நிறைய வளைவு. எண்ணிக்கிட்டேதான் வந்தேன். அஞ்சாவது வளைவுல ஒரு ஸ்கூட்டர் குறுக்க வந்துடுச்சு. பிடிச்சுத்தான் ஆகணும்."

"ஸ்கூட்டர்காரன்?"

"ஒண்ணும் இல்ல. மணல்ல விட்டுட்டேன்."

கொக்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் தலைமுடியில் இருந்த மணலைத் தட்டினார். பாதிதான் போயிற்று. அப்புறம் எழுந்து, இருபத்தாறு வருஷமாகச் செய்வதுபோலக் கொக்கியை மாட்டினார்.

வாரியம் விசாரணை வைத்தது. விபத்துப் படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில் மூன்றே மூன்று தேர்வு: ஓட்டுநர் பிழை, சாலைப் பிழை, இறைவன் செயல். சான்றிதழ் பெற்ற வண்டிக்கு வண்டிப் பிழை என்ற கட்டம் கிடையாது. மணிக்கட்டில் மாவுக்கட்டோடு மகள் நின்றாள். கொக்கி அவள் பின்னால் நின்றார். சகலை குறிப்பெடுத்தார்; தலையைத் தூக்கவில்லை.

"வண்டி நின்றதா, இல்லையா?" என்று தலைவர் கேட்டார்.

"மணல்ல ஏத்தி நிறுத்தினேன் சார்."

"நின்றதா இல்லையா என்பதுதான் கேள்வி."

"நின்னுச்சு."

"பதிவு செய்துகொள்ளுங்கள். வண்டி நின்றது. நிற்காது என்று ஒருவர் நம் வாரியத்தில் சொன்னார். அனுபவம் அதைப் பொய்யாக்கிவிட்டது. மணலும் ஓரளவு ஒத்துழைத்திருக்கிறது, அதற்காக நெடுஞ்சாலைத் துறைக்கு நன்றி."

பிறகு தலைவர் கொக்கியின் பக்கம் திரும்பினார். இன்னொரு விஷயமும் வாரியத்தின் கவனத்துக்கு வந்திருப்பதாகச் சொன்னார். வண்டிகள் விழுந்தால்தான் இவருக்குப் பிழைப்பு. ஆகவே பிரேக் சரியில்லை என்று சொல்வதில் இவருக்கு ஆதாயம் இருக்கிறது. மேலும், சக்கரத்தைக் கழற்றி உள்ளே பார்த்ததன்மூலம் தமக்கு விஷயம் தெரியும் என்று நிரூபித்துவிட்டார். எனவே இவர் பாமரர் அல்ல. இந்தக் குறிப்பைத் தயாரித்தவர் செயலாளர். அவருடைய நேர்மையை வாரியம் பாராட்டுகிறது, ஏனென்றால் இருவரும் உறவினர்கள்.

"அப்ப என் கையெழுத்தையும் எடுத்துடுங்க ஐயா" என்றார் கொக்கி.

"அது முடியாது. கையெழுத்துப் போடும்போது நீங்கள் பாமரர்தான். அது செல்லும்."

மகளுக்கு ஓட்டுநர் பிழை என்று எழுதி, ஆறு வாரம் ஊதியமில்லா விடுப்பு கொடுத்தார்கள். கொக்கியை உறுப்பினர் பொறுப்பிலிருந்து விடுவித்து, பென்சிலைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

ஆனால் ரோந்துப் படையில் வாயோடு வாயாகச் செய்தி போயிற்று. ஒரு மதிய உணவு இடைவேளையில், பதினொன்றாம் எண் கார் கொக்கியின் கொட்டகை வாசலில் வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கித் தலையைச் சொறிந்தார்.

"அண்ணே, பதினேழு ஓட்டின பொண்ணோட அப்பா நீங்கதானே? எனக்கு ரெண்டு பிள்ளைங்க. பேட் நானே வாங்கிட்டு வந்திருக்கேன்."

கொக்கி வாரியத்தின் முத்திரையை ஆவி காட்டிப் பதமாக உரித்தார். பேட்டை மாற்றினார், ஆயிலை மாற்றினார், முத்திரையைத் திரும்ப ஒட்டினார். மறுநாள் இருபத்திரண்டாம் எண். அதற்கு மறுநாள் ஐந்தும் முப்பதும். யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, எல்லோரும் வந்தார்கள். நாலு மாதத்தில் மணலிலிருந்து மீண்ட பதினேழு உட்பட நாற்பதும் சரியாகிவிட்டன. நெடுஞ்சாலையில் அந்தச் சிவப்புக் கார்கள் இப்போது வளைவில் சமர்த்தாகப் போயின. நேர் ரோட்டில் உறுமின. நிற்கச் சொன்ன இடத்தில் நின்றன.

வருஷம் முடிந்ததும் வாரியம் ஒரு அறிக்கை வெளியிட்டது. நாற்பது கார்களில் ஒன்றில்கூடப் பிரேக் பழுது பதிவாகவில்லை, வாரியத்தின் ஒப்பீடு நூற்றுக்கு நூறு சரி என்று காலம் நிரூபித்துவிட்டது என்று அதில் இருந்தது.

அந்த வாரமே சகலை கொட்டகைக்கு வந்தார். இந்த ஒரு வருஷத்தில் அவர் வாசல் மிதிக்கவில்லை. கையில் ஒரு பழக்கூடை, ஒரு அழைப்பிதழ்.

"ஆண்டு விழாண்ணே. உங்களைக் கௌரவிக்கணும்னு தலைவரே சொன்னார். நடந்ததை மறந்துடுங்க. பாருங்க, அதுக்கப்புறம் ஒரு வண்டிக்குக்கூட ஒண்ணும் ஆகல. அறிக்கை சரியாத்தானே போச்சு?"

கொக்கி ஒரு நட்டை இறுக்கிக்கொண்டிருந்தார். இறுக்கி முடித்துவிட்டுக் கேட்டார். "நான் எழுதின தாள் எங்க இருக்கு?"

"பத்திரமா இருக்கு. என் அலமாரியில பூட்டி வச்சிருக்கேன். ஒரு எழுத்து மாறல."

"ஏன் கிழிச்சுப் போடல?"

சகலை கூடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "நாளைக்கு ஏதாவது பெருசா ஆகி, விசாரணைன்னு வந்தா... செயலாளர் தப்பு இல்லன்னு காட்டணும்ல."

"அப்ப உனக்குத் தெரியும்."

"என்னண்ணே?"

"ஆகும்னு தெரியும். ஆனா யாருக்கு ஆகும்னு பார்த்துக்கிட்டு இருந்த."

சகலை கூடையைக் கீழே வைத்துவிட்டு, வந்த காரியத்தைச் சொன்னார். முகவர், போன வருஷமே தலைவருக்கும் அதே மாதிரி ஒரு கார் அன்பளிப்பாகக் கொடுத்திருக்கிறாராம். தலைவர் பின்சீட்டில்தான் வருவார், அந்தக் காரில் பின்சீட்டு என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை, எப்படியோ மடங்கி உட்கார்ந்து வருகிறார். நேற்று இறக்கத்தில் அவருக்குக் கொஞ்சம் பயமாகிவிட்டது. வண்டி வெளியே நிற்கிறது. யாருக்கும் தெரியாமல் அந்தப் பேட்டை மாற்றிக் கொடுத்தால் நல்லது.

கொக்கி எட்டிப் பார்த்தார். வாசலில் சிவப்புக் கார் நின்றது. சீருடை போட்ட ஓட்டுநர் ஒருவர், வெயிலில், அதன் சக்கரத்தையே பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். நடுவயசுக்காரர். கொக்கியைக் கண்டதும் கும்பிட்டார்.

"உள்ள கொண்டு வாங்க" என்று கொக்கி அந்த ஓட்டுநரிடம் சொன்னார்.

ஒரு மணி நேர வேலை. ஓட்டுநர் விளக்கைப் பிடித்தார். சகலை ஒரு டயர் மேல் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒரு தடவை "பாப்பா கை இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். கொக்கி, விளக்கை இன்னும் கிட்டக் காட்டச் சொன்னார். அவர் மனைவி, கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள கதவருகே வந்து நின்று, தங்கை புருஷனைப் பார்த்தாள். வழக்கமாகக் கேட்கும் 'சாப்பிட்டீங்களா'வைக் கேட்காமல், டீ டம்ளர் இரண்டை மட்டும் வைத்துவிட்டுப் போனாள். ஒன்றைக் கொக்கி எடுத்துக்கொண்டார். மற்றதை ஓட்டுநரிடம் நீட்டினார்.

வேலை முடிந்ததும் ஓட்டுநரை உட்கார வைத்து, பெடலைப் பத்துத் தடவை அழுத்தச் சொன்னார். பத்துத் தடவையும் கல் மாதிரி நின்றது. ஓட்டுநர் முகத்தில் ஒரு வருஷத்துப் பயம் இறங்கியது தெரிந்தது.

சகலை எழுந்து கைக்குட்டையை உதறினார். "ரொம்ப உபகாரம்ணே. விழாவுக்கு அவசியம் வந்துடணும். அக்காவையும் கூட்டிட்டு வாங்க. சரி, நான் வரேன்ணே."

கொக்கி கழற்றிய பேட்டுகளை ஒரு செய்தித்தாளில் பொதிந்து, பழக்கூடையில் பழத்துக்கு மேலேயே வைத்து, கூடையை அவர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"சரிங்க செயலாளர் சார்" என்றார். "பார்த்துப் போயிட்டு வாங்க."